பதினெட்டு அங்குலத் தடுப்பு

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது மூன்று பேர். டைஸ் உருண்டது நான்கு முறை.

ஹம்சத்வனி மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சாஜிதா கண்ணாடி டைஸைக் குலுக்கிப் போடுவாள், கிணுகிணுவென்று சிதறும். யுவனுடையது உலோகம், மேஜையே அதிரும். தம்பி விஸ்வா உள்ளங்கையிலிருந்து சோம்பலாக நழுவ விடுவான். மூன்றும் ஆயிற்று. அதற்கப்புறம்தான் அந்த நான்காவது. ஈரத்துணி மேல் விழுந்த மாதிரி ஒரு 'தொப்'.

"யாருடா ரெண்டு தடவை போட்டது?"

"யாரும் போடலையே," என்றான் யுவன். "எட்டிப் பாருங்களேன். ஓ, முடியாதுல்ல! கோட்டைச் சுவரு கட்டி வச்சிருக்கீங்களே!"

இந்த ஆட்டத்துக்கு அவள்தான் கேம் மாஸ்டர். கதையைச் சொல்லி, அரக்கர்களை ஏவி, மற்றவர்களின் வீரர்களை அதற்குள் ஓடவிடுகிறவள். தன் டைஸும் குறிப்புகளும் அவர்கள் கண்ணில் படாமலிருக்க முன்னால் ஒரு மடக்கு ஸ்கிரீனை நிறுத்திக்கொள்வாள். இதுவரை இருந்தது ஒன்பது அங்குல அட்டை. ஃபேன் காற்றுக்கே படுத்துவிடும். புதுசுக்காக ஒரு வாரம் போனைத் தேய்த்தாள். துணியில் வந்தது, தேக்கில் வந்தது, உள்பக்கம் விதிகளெல்லாம் அச்சடித்து வந்தது. வாங்கியவர்கள் ஒருவர் விடாமல் எழுதியிருந்தது ஒன்றுதான்: குட்டையாக வாங்குங்கள், ஆடுகிறவர் முகம் தெரிய வேண்டும்.

"மூஞ்சி தெரியாம என்னக்கா கதை சொல்றது?" என்று சாஜிதாவும் கேட்டாள்.

ஹம்சத்வனி வாங்கியது பதினெட்டு அங்குலம். பிளைவுட். நான்கு மடிப்பு. அதன் பின்னால் உட்கார்ந்தால் எதிராளியின் உச்சிமயிர்கூடத் தெரியாது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். விஸ்வாவின் முகத்தை இனிப் பார்க்கக் கூடாது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரத்தநாடு சாலையில் நடவு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மலர்கொடி என்கிற பெண்ணை ஒரு வெள்ளைக் கார் அடித்து, வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போனது. அன்று விஸ்வா ஆட்டத்துக்கு வந்தது ஐந்தரை மணிக்கு. "கை அசைஞ்சுதுக்கா," என்று மட்டும் சொன்னான். "தண்ணிக்குள்ள அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

ஸ்டேஷனில் ஹம்சத்வனி கண் சிமிட்டாமல் சொன்னாள்: "மூணு மணியிலேருந்து என் எதிர்லதான் சார் உக்காந்து விளையாடிட்டிருந்தான்." சாஜிதாவும் யுவனும் தலையாட்டினார்கள். சொன்ன பொய்யைப் பிறகு யார் காப்பாற்றுவது? ஆகவே ஞாயிறு தவறாமல் ஆட்டம் நடந்தது. யாருக்குமே சிரிப்பு வராத ஆட்டம்.

இப்போது மணி மூன்றரை. ஐப்பசி மழை மாடி ஜன்னலை இடைவிடாமல் அறைந்துகொண்டிருந்தது. அறைக்குள் சாம்பல் வெளிச்சம். அதற்குள் எங்கிருந்தோ ஒரு வாசனை மெல்லப் படர்ந்து வந்தது. தெருவில் கிளம்பும் மழைச்சேற்று வாசனையில்லை. தழை போட்டு, பல நாள் மிதித்து, நடவுக்குப் பதமாக்கிய வயலின் வாசனை.

"அக்கா." சாஜிதாவின் குரல் உடைந்திருந்தது. "என்னால முடியலக்கா. நாளைக்கு இன்ஸ்பெக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்காரு. உண்மையைச் சொல்லிடலாம். அந்தம்மா ஒரு மணி நேரம் உசுரோட கிடந்திருக்குக்கா."

"சொன்னா உள்ள போறது என் தம்பி. உனக்கென்ன?"

"விஸ்வா, நீயாவது வாயைத் திறயேன்டா!"



"அவன் மூணு மணியிலேருந்து இங்கதான் இருந்தான்," என்றாள் ஹம்சத்வனி, பிளைவுட்டைப் பார்த்து. எதிரில் முகம் இல்லாதபோது பொய் எவ்வளவு சுகமாக வருகிறது!

நாற்காலி கிறீச்சிட்டது. சாஜிதாவின் செருப்புச் சத்தம் படியிறங்கியது. "இரு, நானும் வரேன்," என்று யுவனும் பின்னாலேயே போனான். கீழே ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிக் கிளம்பி, மழைக்குள் கரைந்தது.

"போகட்டும் விடுடா. வேற ஆளா கிடைக்காது? போடு."

விஸ்வாவின் டைஸ் சோம்பலாக உருண்டது.

தொப்.



சளக்.

சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம். மொசைக் தரை போட்ட மாடி அறையில்.

சளக்.

"விஸ்வா?"

"ம்ம்..."

வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி.

"என்னடா திங்கிற?"

ஸ்கிரீனுக்கு அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து வந்தது. குறிப்புத் தாளை நனைத்தது. அவள் விரலைத் தொட்டது. ஜில்லென்றிருந்தது.

ஒரு கை தூக்கித் தள்ளினால் போதும், ஸ்கிரீன் விழுந்துவிடும். கை எழவில்லை. நல்லவேளை, உயரமானதாக வாங்கினோம் என்று தோன்றியது. வெட்கமே இல்லாமல் தோன்றியது.

சளக். இப்போது மேஜை மேல்.

சளக். கிட்டத்தில்.

"அவன் என் தம்பி," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "ஒரே தம்பி."

சத்தம் நின்றது. எதற்கோ காத்திருப்பது போல நின்றது. அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.

சளக்.

கத்திக்கொண்டே ஸ்கிரீனைப் பிடுங்கி எறிந்தாள்.

மேஜை முழுக்கச் சேறு. அதில் பச்சை நாற்று, வரிசை பிசகாமல். வரிசை தொடங்கியது விஸ்வாவிடம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். திறந்த வாயை அடைத்துச் சேறு. அதில் நான்கு நாற்று. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு. அவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் நாற்றின் நுனி ஆடியது.

மேஜை மேல் ஒரு பெண் குனிந்திருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். ஹம்சத்வனிக்குத் தெரிந்தது நனைந்த முதுகு மட்டும்.

அந்த முதுகு அவளை நோக்கி ஓர் அடி வந்தது.

கையில் இன்னும் பாதிக் கட்டு நாற்று மிச்சமிருந்தது.