ஆணையர் உறையும் நேரம்

ஆணையர் உறைந்துபோனால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிடுவது பியூன் சடையப்பனின் வேலை. அன்று காலை இரண்டாம் முறை உறைந்தபோது தேநீர்க் கோப்பை உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. சடையப்பன் கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் துண்டை எடுத்தார்.

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் எல்லா அதிகாரிகளின் காதுக்குப் பின்னாலும் மதித்துணை என்ற சில்லு உண்டு. அதில் ஓடுவது ஊர்கூடி எழுதிய இலவச இயங்குதளம். அதன் புதிய பதிப்பு வெளிவரும்வரை பொறுக்கமாட்டாமல் முன்னோட்டப் பதிப்பையே ஏற்றிக்கொண்டார் ஆணையர் வைகுந்தநாதன். கிரகத்திலேயே முதல் ஆள் என்று வாசலில் கல்வெட்டு வேறு. கல்வெட்டு திறந்த மறுநாள் உறைய ஆரம்பித்தார்.

பழுதுபார்க்க வந்த தில்லைநாயகிக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. குறைந்த ஈர்ப்பில் அவள் கணவரின் எலும்புகள் கரைந்துகொண்டிருந்தன. பூமிக்குப் போகும் கப்பல் ஒன்பது நாளில் கிளம்புகிறது. அவருக்கு இடம் கேட்ட மனு ஏழு மாதமாக இந்த அலுவலகத்தில்தான் எங்கோ கிடக்கிறது. ஆணையரைச் சரிசெய்துவிட்டால் கையோடு மனுவில் அவர் கட்டைவிரல் ரேகையை வாங்கிவிடலாம்.

மின்கலத்தை மாற்றினாள். நினைவகத்தைச் சோதித்தாள். பார்வை இயக்கியை நிறுத்திப் பார்த்தாள். ஆணையர் பாட்டுக்கு உறைந்தார், மீண்டார். வலைமன்றத்தில் கேட்டதற்கு டைட்டனிலிருந்து ஒருவர், "எனக்கு நல்லாத்தான் ஓடுது" என்று எழுதினார். இன்னொருவர், "முன்னோட்டப் பதிப்பை யார் ஏத்தச் சொன்னா?" என்றார்.

மூன்றாம் நாள் சில்லின் பதிவேட்டில் காரணத்தைப் பிடித்தாள். ஒவ்வொரு உறைதலுக்கும் முந்தைய வரி ஒன்றேதான்: மனு வந்தது. புதிய பதிப்பு, தன்னைச் சுமப்பவரின் பழக்கத்தைப் படித்து, அதையே குறைந்த மின்சாரத்தில் செய்துமுடிக்கும். வைகுந்தநாதனின் இருபது வருடச் சேவையை அது ஊன்றிப் படித்திருந்தது. மனுவைக் கண்டால் இவர் என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். அதைச் சிக்கனமாகச் செய்தது.

அந்தப் பகுதியை நிறுத்தினாள்.

"இனி யாரும் இதுல கை வைக்கக் கூடாதும்மா. பூட்டுப் போட்ருங்க" என்றார் ஆணையர். போட்டாள். பிறகு கணவரின் மனு நகலை நீட்டினாள்.

அவர் உறையவில்லை. முழுதாக வாசித்தார். வருத்தமாகத் தலையசைத்தார். "பரிசீலிப்போம்" என்று இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

வெளியே சடையப்பன் மறித்துக்கொண்டார். "ஏம்மா, உங்களை யாரு இவ்வளவு நல்லாப் பாக்கச் சொன்னது?"

"ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டது நீங்கதானே?"

"அது அவரு கூப்பிட்டது. ஐயா உறைஞ்சா பதினோரு நிமிஷம். அதுக்குள்ள அவர் கட்டைவிரலைப் பிடிச்சு மனு மனுவா ரேகை வச்சுக்கிட்டே வருவேன். மூணு மாசத்துல நாலாயிரம் மனு தீர்ந்துது. உங்க வீட்டுக்காரர் மனு இன்னிக்குச் சாயங்காலக் கட்டுல இருக்கு."

"வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"அந்த மனு உங்களோடதுன்னு இப்ப நீங்க நகலை நீட்டினப்பத்தானே தெரியும்? வெளியாள்கிட்ட ஆபீஸ் ரகசியத்தைச் சொல்வாங்களா?"

"பூட்டைத் திறந்தாப் போச்சு" என்று அவள் கருவியை எடுத்தாள். திரையில் அலுவலக விதி வந்து நின்றது: திறக்க விரும்புவோர் ஆணையருக்கு எழுத்துமூலம் மனுச் செய்ய வேண்டும்.