எர்த் ஆய்த்தா?

தை மாதத்துக் காலைக் காற்று பெங்களூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உதடு வெடிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொரியும். அப்படி ஒரு திங்கட்கிழமை, நீலசந்திராவில் கம்பெனி பஸ் ஏறிய சுனிதா, அத்திபெலேக்குச் சற்று முன்னால் இறங்கினாள். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வாசலில் இரண்டு செம்பருத்திச் செடி. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை, கண்ணுகளா. கதவின் இரும்புப் பிடியைத் தொட்டாள்.

சுரீரென்று விரலைக் கடித்தது.

கார்த்திகை மாதம் அவள் அக்கா எல்லம்மா இந்தக் கட்டடத்தில்தான் செத்தாள். பதினாலாம் நம்பர் சீட்டில் உட்கார்ந்து சார்ஜர் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஹார்ட் என்று கம்பெனிக்காரர்கள் பேப்பரோடு வந்து நின்றார்கள். இவர்கள் குடும்பத்தில் பிணத்தை மண்ணில்தான் வைப்பார்கள். அம்மா மயங்கிக் கிடந்த நேரம் பார்த்து, யாரையும் கேட்காமல், கம்பெனிக்காரர்களே மின்சாரச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உலைக் கதவு மூடுவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் சுனிதா அக்காவின் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். கரியால் வரைந்த வளையல் மாதிரி ஒரு வட்டம்.

பிறகு அதே சீட்டில் தங்கைக்கு வேலை என்றார்கள். அம்மா வேண்டாமென்று அழுதாள். சுனிதா வந்தாள். அந்தக் கறுப்பு வளையல் எப்படி வந்தது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளே நுழையும் இடத்தில் சூப்பர்வைசர் கோவிந்தப்பா நின்றிருந்தார். ஒவ்வொருத்தியும் மணிக்கட்டில் பெல்ட் கட்டி, அதிலிருந்து தொங்கும் வயரைச் சுவரில் இருந்த பெட்டியில் வைக்க வேண்டும். பச்சை பல்பு எரியும்.

"எர்த் ஆய்த்தா?"

"ஆய்த்து சார்."

ஆச்சா என்று கன்னடத்தில் முப்பது பெண்களுக்கும் இதே கேள்வி, ஆச்சு என்று இதே பதில். கோயில் வாசலில் கால் கழுவுவது போல.

"புதுசா? கேட்டுக்கோம்மா. நடந்தா, உக்காந்தா, இந்த நைலான் கோட்டு உரசினா, நம்ம உடம்புல கரண்ட் ஏறிக்கும். நமக்குத் தெரியாது. ஆனா சிப்பு பொட்டுனு செத்துடும். அதான் கையை எர்த்தோட, மண்ணோட கட்டறோம்."

"சிப்பு செத்துடுமா சார்? பாவம்," என்றாள் சுனிதா.

அவருக்கு அது உறைக்கவில்லை. "போ, பதினாலுல கூத்கோ," என்று உட்காரச் சொல்லிச் சீட்டைக் காட்டினார்.

உட்கார்ந்ததும் முழங்கை மயிர் ஒவ்வொன்றாக எழுந்தது. பழைய டிவி பெட்டியின் கண்ணாடி அருகே கையைக் கொண்டுபோனால் வருமே, அந்தக் கூச்சம். ரொம்பக் கிட்டத்தில் யாரோ குனிந்து நிற்பது போல. ஒரு வாசனையும் வந்தது. இடி விழுந்த இடத்தில் மூக்கை அரிக்கும் கார வாசனை. அதற்குள்ளே கருகிய தேங்காயெண்ணெய்.

அக்கா தலைக்கு வைக்கும் எண்ணெய்.

சுனிதா மேசை எர்த்தில் தொங்கிய பெல்ட்டை எடுத்துக் கட்டினாள்.

பட்.

கழன்று விழுந்தது. மறுபடி கட்டினாள்.

பட்.

மூன்றாம் தடவை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். ஊசி முனை போல ஏதோ ஒன்று அவள் விரல்களை மெதுவாக, ஒவ்வொன்றாக, விலக்கியது.

"கட்டாதடி," என்று கிசுகிசுத்தாள் பக்கத்து சீட்டுக் காந்தா. "இந்த சீட்ல யாருக்கும் நிக்காது. மூணு பேரு ஓடிட்டாளுங்க."

"எங்கக்காவுக்கு மட்டும் நின்னுச்சா?"

சாப்பாட்டு மணி அடித்ததும் காந்தா சுனிதாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்.

"நல்ல பெல்ட்டுன்னா வயருக்கு நடுவுல கடுகாட்டம் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். தவறி லைனைத் தொட்டாலும் கரண்ட்டைப் பிடிச்சு நிறுத்திடும். அது அடிக்கடி போயிடுது, வேலை நிக்குதுன்னு இந்த கோவிந்தப்பா எல்லாத்தையும் பிடுங்கிட்டு சும்மா வயரைப் போட்டான். அந்த பச்சை பல்புக்கு என்ன தெரியும்? வயர் இருந்தா எரியும். அன்னைக்கு எல்லம்மாக்கா பத்தவைக்கிற அயர்ன்ல வயரு கிழிஞ்சிருந்துச்சு. வலது கை அதுல. இடது கை எர்த்துல."

காந்தா தன் நெஞ்சின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"என் கையும் கட்டித்தானடி இருந்துச்சு."

சாப்பாட்டு நேரத்தில் மெயினை இறக்கிவிடுவார்கள். கூரையிலிருந்து விழும் மங்கிய வெளிச்சம் மட்டும்தான். சுனிதா பழைய பெல்ட் போட்டுவைத்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு வயரை எடுத்து, அதன் உறையை நுனியிலிருந்து நுனிவரை கிழித்தாள். வெறும் செம்பு. அதைக் கொண்டுபோய்ச் சித்திரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோவிந்தப்பாவின் டப்பா பக்கத்தில் போட்டாள்.

"இதுல ரெசிஸ்டர் எங்க சார்?"

"ஏனம்மா, முதல் நாளே எஞ்சினியரா? உங்கக்கா ஹார்ட்ல போனா. பேப்பர் இருக்கு."

"அப்போ நீங்க கட்டிக்கிட்டு அங்க உக்காருங்க."

முப்பது பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது. "சார் பயப்படறாரு டோய்!"

"மெயினே ஆஃப்ல இருக்கு. எனக்கென்ன பயம்?" கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பதினாலில் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினார்.

காலையிலிருந்து ஒரு நொடி நிற்காத பெல்ட் அவர் கையில் நின்றது.

தலைக்கு மேலே டியூப்லைட் ஊதாவாகக் கண் விழித்தது. அவர் தலைமயிர் நிமிர்ந்தது. வலது கை மேசை மேல், யாரோ பிடித்து இழுப்பது போல, அயர்னை நோக்கி நகர்ந்தது.

"யாரு... கழட்டுங்கம்மா!"

காந்தா மெயினிடம் ஓடினாள். அங்கிருந்து அலறினாள். "இறங்கித்தான்டி இருக்கு!"

அயர்ன் முனை சிவந்தது.

சுனிதா நகரவில்லை. காலையில் அவர் கேட்டதையே கேட்டாள்.

"எர்த் ஆய்த்தா சார்?"

"கழட்டு, உன் கால்ல விழறேன்..."

"எங்கக்காவுக்கு ஆகல சார். மண்ணுல வைக்க விடாம எரிச்சீங்க. எர்த் ஆகாம இங்கயே நிக்கறா."

அவர் விரலுக்கும் அயர்னுக்கும் நடுவில் ஒரு நீலக் கோடு துடித்தது.

"நான்தான் பிடுங்கினேன்! ஹார்ட்டுனு எழுத வச்சதும் நாங்கதான்! நாங்கதான்!"

மெயினிடமிருந்து திரும்பிய காந்தா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. 

இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் போதும் என்று சுனிதாவுக்குத் தோன்றியது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே தோன்றியது. அந்த ஆளுக்காக இல்லை, அக்காவுக்காகத்தான் வாயைத் திறந்தாள்.

"விடுக்கா. உன் கையில இது வேணாம்."

பட்.

கோவிந்தப்பா தரையில் உருண்டார். அவர் இடது மணிக்கட்டில் ஒரு கறுப்பு வளையல்.

அன்று சாயங்காலமே சுனிதாவும் காந்தாவும் போனை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கோவிந்தப்பா பிறகு வேலைக்கு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை லேப்டாப் பையோடு புது சூப்பர்வைசர் வந்தார். சிரித்த முகம்.

"புது பெல்ட்டுக்குச் சொல்லியிருக்கேன். வர்ற வரைக்கும் பழசையே கட்டுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

ஒவ்வொருத்தியாகப் பழைய பெல்ட்டைக் கட்டினார்கள். பெட்டியில் பச்சை பல்பு முப்பது தடவை எரிந்தது. எல்லோரும் சீட்டில் உட்கார்ந்த பிறகு, பதினாலாம் சீட்டுக்கு மேலே கருகிய எண்ணெய் வாசனை மெல்ல எழுந்தது.

"எர்த் ஆய்த்தா?" என்றார் அவர்.

முப்பது மணிக்கட்டிலிருந்தும், ஒரே நொடியில், ஒரே பதில்.

பட்.