காலி என்று சொன்னவள்

கொழுந்தன் வைத்துவிட்டுப் போன பெட்டி, கனக்கக் கூடாத அளவுக்குக் கனத்தது.

தையல் மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றத்தான் அதைத் தூக்கினாள். காலித் துப்பாக்கியின் எடை அவள் கைக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் பணவண்டிக் காவலாளிக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். விசாரணை முடிந்து, அவன் செத்தது விபத்துதான் என்று எழுதி, நாலு மாதம் கழித்து இன்றுதான் போலீஸார் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகத் துப்பாக்கிக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"பயப்படாதீங்க அண்ணி, இப்ப இது வெறும் இரும்பு. இத வச்சு ஆணி கூட அடிக்க முடியாது" என்று பெட்டியை வைக்கும்போது கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டான்.

மணி மூன்றேகால். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். இந்த வீட்டில் மகளுக்குத் தெரியாத சாவி எதுவும் இல்லை. கரண்டி வைக்கிற இடத்தைக் கூட அவளைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தாள். தையல் எந்திரத்துக்குப் போடுகிற அதே எண்ணெயின் வாசனை. இரண்டுக்கும் ஒரே புட்டிதான். "உன் மெஷினும் என் மெஷினும் ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சி" என்பான் கணவன். நாலு மாதம் போலீஸ் அலமாரியில் கிடந்த இரும்பில் இப்போதுதான் துடைத்து வைத்ததுபோல ஈரம் மினுங்கியது.

கதவுக்குப் பின்னால் மணல் வாளி இன்னும் அப்படியே இருந்தது. அதன் முன்னால் மண்டியிட்டாள்.

அந்த வீட்டில் துப்பாக்கியைக் காலி செய்ய ஒரு முறை உண்டு. துப்பாக்கியின் வாய் மணலைப் பார்க்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். முதலில் கைப்பிடிக்குள் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை உருவ வேண்டும், அதற்குப் பிறகுதான் மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். வரிசை மாறினால், மேலே இருக்கிற தோட்டா வெளியே விழும், கீழே இருக்கிற இன்னொன்று அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணால் பார்த்தது போதாது, தோட்டா உட்காரும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். அதன் பிறகு அவன் "காலி" என்பான். அவள் வந்து தன் கண்ணால் பார்த்து, "காலி" என்று பதில் சொன்னால்தான் துப்பாக்கி கையை விட்டு இறங்கும்.

அன்றைக்கு இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் வந்தவன் வரிசையை மாற்றிவிட்டான். விரல் விட்டுப் பார்க்கவும் மறந்தான். "காலியாம்மா?" என்று கேட்டான். ஒரு சட்டைக் காலர் வளையாமல் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"காலி, காலி. வைங்க."

துடைக்கத் துணியை எடுத்தான்.

போலீஸாரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மேகசின் பொத்தானை அழுத்தினாள். நிறைந்த மேகசின் ஒன்று வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. அதைத் தள்ளி வைத்தாள். ஸ்லைடை இழுத்தாள். ஒரு தோட்டா தெறித்துத் தரையில் உருண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பழக்கத்தில் இன்னொரு முறை இழுத்தாள்.

இன்னொரு தோட்டா விழுந்தது.

மேகசின் இல்லாத துப்பாக்கிக்குள் இரண்டாவது தோட்டாவுக்கு இடமே கிடையாது. அது அவளுக்குத் தெரியும். மறுபடி இழுத்தாள். மறுபடி ஒன்று. மழை கூரையில் இறங்கியது. இழுக்க இழுக்க விழுந்தன. ஒன்று எந்திரத்தின் மிதிபலகைக்கு அடியில் ஓடியது, ஒன்று அவள் முழங்காலில் பட்டது. சூடாக இருந்தது, இத்தனை நேரம் யாரோ கைக்குள் மூடி வைத்திருந்த மாதிரி.

போதும், வைத்துவிட்டு வெளியே ஓடிவிடலாம் என்று பிடியைத் தளர்த்தினாள். விசை தானாக உள்ளே நகர்ந்தது. இறுக்கிப் பிடித்தாள். நின்றது. தளர்த்தினால் நகர்ந்தது. பிடித்தால் நின்றது.

பக்கத்தில் தரையில் கிடந்த போன் அதிர்ந்தது. முழங்கையால் அழுத்தினாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? என்ன அது, கோலிக்குண்டு உருட்டற சத்தம்?"

"தம்பி, இது காலியாக மாட்டேங்குது."

"எது? தண்ணித் தொட்டியா?"

"உங்க அண்ணன் துப்பாக்கி."



"அண்ணி, அதுல ஒண்ணுமே இல்ல. என் கண்ணு முன்னாடிதான் பாத்தாங்க. மேகசினைக் கூடத் தரலயே, அவங்களே வச்சுக்கிட்டாங்க."

பக்கத்தில் கிடந்த மேகசினைப் பார்த்தாள். அதன் வாயில் பித்தளை மஞ்சளாக மின்னியது.

"பாப்பாவ ஸ்கூல்லயே நிறுத்தி வைக்கச் சொல்லுங்க தம்பி. இங்க வரக் கூடாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வேன் கிளம்பி இருக்குமே அண்ணி. நான் வந்துடறேன். அரை மணி நேரம். அத மட்டும் கீழ வச்சுடுங்க, சரியா?"

வைக்க முடிந்தால் வைக்க மாட்டாளா.

இழுத்தாள். விழுந்தது. இழுத்தாள். விழுந்தது. தோள் எரிந்தது. தெருமுனையில் வேன் திரும்புகிற உறுமல் கேட்டபோது, கடைசியாக ஒரு முறை இழுத்தாள்.

எதுவும் விழவில்லை.

ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்தி, கொக்கியை மாட்டினாள். குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரே கருப்பு. இருட்டா, இரும்பா, தெரியவில்லை. இந்த முறை பார்க்காமல் சொல்ல மாட்டாள். இடது சுண்டுவிரலை உள்ளே விட்டாள்.

ஒரு கணு வரைதான் போக வேண்டும். இரண்டு கணு போனது. குளிர்ந்த சுவர் முடிந்துபோனது. அதற்கு அப்பால் காற்று.

பிறகு ஒரு விரல் நுனி.

உள்ளேயிருந்து, அவள் விரல் நுனியை மெதுவாகத் தொட்டது. வெதுவெதுப்பாக. சொரசொரப்பாக. யாருடையது என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு வருடம் தூக்கத்தில் கூட அவள் கையைத் தேடிப் பிடித்த விரல். ஒரு நொடி, ஒரே நொடி, பயம் போய்விட்டது. அழுகை வந்தது.

"என்னங்க..." என்றாள்.

கொக்கி தானாக விழுந்தது.

ஸ்லைடு பாய்ந்து வந்து அவள் விரலைக் கவ்வியது. எலும்பில் வலி தெறித்தது. கத்தவில்லை. விரல் குறுக்கே இருக்கும்வரை ஸ்லைடு மூடாது. மூடாதவரை அது சுடாது. அது அவளுக்குத் தெரியும். உள்ளே இருந்ததற்கும் தெரியும்.

வாசலில் செருப்பை உதறுகிற சத்தம்.

"அம்மா! கதவைத் திற, நான் நனைஞ்ச கோழி!"

"கண்ணு, அங்கேயே நில்லு! உள்ள வராத!"

"என்ன மறைச்சு வைக்கற? எனக்கா? சாவி எங்க இருக்குன்னு தெரியுமே!"

பூந்தொட்டி நகர்ந்தது.

துப்பாக்கி மணலிலிருந்து தலையைத் தூக்கியது. இரண்டு கையாலும் அமுக்கினாள். அவள் கைகளையும் சேர்த்துத் தூக்கியது. மெதுவாக. அவசரமே இல்லாமல். பூட்டின் உயரத்துக்கு. அதற்குக் கொஞ்சம் கீழே. ஒரு சின்னப் பெண்ணின் நெஞ்சு உயரத்துக்கு.

"வேண்டாங்க. நான்தான். நான் பாக்காமதான் சொன்னேன். நான்தான். அவ இல்ல."

சாவி திரும்பியது.

விரலை இன்னும் உள்ளே திணித்தாள். ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. விட மாட்டாள். எது வந்தாலும் விட மாட்டாள்.

கதவு திறந்தது. மழை வெளிச்சம். நனைந்த சீருடை. சிரித்துக்கொண்டே நிமிர்கிற முகம்.

உள்ளே இருந்த விரல், அவள் விரலை மெல்ல, அன்பாக, வெளியே தள்ளத் தொடங்கியது.