சுவரோரத்து இடுக்கு

கடையிலிருந்து கொண்டுவந்த மூன்று மாதிரித் துண்டுகளையும் சுவரை ஒட்டித்தான் வைத்துவிட்டுப் போனான். மூன்றும் ஓக் மரம். ஒன்று தட்டை, ஒன்று மேல்விளிம்பு உருண்டது, ஒன்று நடுவில் பள்ளமாகக் கோடு ஓடுவது. தேநீரோடு திரும்பி வந்தபோது, கோடு போட்ட துண்டு மட்டும் சுவரைவிட்டு ஒரு விரல் தள்ளிக் கிடந்தது.

"நீ நகர்த்தினியா?"

மனைவி சுவரைப் பார்த்து, தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலது கையைச் சால்வைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மகள் போன நாளிலிருந்து அவளுக்கு அதுதான் இடம்.

தரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த அந்த இடுக்கு, அவர்கள் குடிவந்த நாளிலிருந்தே இருக்கிறது. அதை மறைக்கச் சுவரடியில் ஆணியடிக்கும் மரப்பட்டையைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு நேரமே வாய்க்கவில்லை. கடைக்குப் போவான், நாலைந்து பட்டையைத் தடவிப் பார்ப்பான், அடுத்த மாதம் வருகிறேன் என்பான். சோம்பேறிகளுக்குச் சங்கம் வைத்தால் அவனைத்தான் தலைவராக்க வேண்டும். கூட்டத்துக்குத்தான் வந்து சேரமாட்டான். அதற்குள் வாண்டு அந்த இடுக்கைத் தன் தபால்பெட்டியாக்கிக்கொண்டாள். பொத்தான், கிரேயான் துண்டு, விழுந்த பல் எல்லாம் உள்ளே போயின.

"எப்பப்பா பட்டை வைப்ப?"

"அடுத்த மாசம்டா கண்ணு."

"கோடு போட்டது வாங்குப்பா."

ஒரு காய்ச்சல் வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு வரவேயில்லை.

இடுக்கை மூடிவிட்டால் மனைவி எழுந்து நடமாடுவாள் என்று நம்பினான். மகளைத்தான் தக்கவைக்க முடியவில்லை, இவளையாவது மீட்டுவிட வேண்டும். கோடு போட்டதையே வாங்கினான்.

தச்சர் பட்டைகளை அந்த அறையிலேயே கிடத்தினார். "புது மரம் சார். நாலு நாள் இங்கயே கெடக்கட்டும். வீட்டுக் காத்துக்குப் பழகாம அடிச்சா, அப்புறம் பிரிஞ்சுக்கும்."

அறை முழுக்க ஓக்கின் புளித்த வாசனை ஏறியது. அதற்கு அடியில், கதவைச் சாத்தினால் மட்டும் தெரிகிற மாதிரி, காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனை ஒன்றும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் பட்டைகளைப் புரட்டிப் பார்த்தான். கோட்டின் பள்ளம் நெடுக யாரோ பச்சைக் கிரேயான் தீட்டியிருந்தார்கள். மனைவியாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்தான். அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்தான்.

தச்சர் வந்து, பொழுது சாய்வதற்குள் பட்டைகளை அடித்து முடித்துவிட்டுப் போனார்.

"ஏங்க, அடைச்சிட்டீங்களே," என்றாள் மனைவி. பல நாளைக்குப் பிறகு அவள் பேசியது அதுதான். "பாவம், உள்ள குளிருதாம் அவளுக்கு. என் கையப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குறா."

விளக்கைப் போட எழுந்தவன் பாதியில் நின்றான். பட்டைக்குப் பின்னால் நகத்தால் சுரண்டும் சத்தம். எலி என்று நினைக்கப் பார்த்தான். ஆனால் அது ஒரு மூலையில் தொடங்கி, இடையிடையே நின்று, மறு மூலைவரை கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தது. பிறகு தேம்பல். எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவாள் என்றுகூட அவனுக்குத் தெரியும். அதே இடத்தில் உறிஞ்சினாள்.

ஓர் ஆணி வெளியே வந்து விழுந்தது.

இன்னொன்று.

"அப்பா."

அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினான். பட்டை பிளந்துகொண்டு வந்தது.

இடுக்கு. இருட்டு. மருந்து வாசனை.

தரையில் கன்னத்தைப் பதித்து ஒரு விரலை நீட்டினான். சின்னக் கை ஒன்று பிடித்துக்கொண்டது. சில்லென்றிருந்தது.

"வாங்கிட்டேன்டா கண்ணு. கோடு போட்டதுதான்."

பிடி இறுகியது. விரல் உள்ளே போனது. மற்ற விரல்களும் போயின. ஒரு விரல் மட்டுமே நுழையும் இடுக்கில், மணிக்கட்டுவரை. எலும்புகள் நொறுங்கின.

"இழுக்காதீங்க. முழிச்சுக்குவா."

மனைவி அருகில் வந்து படுத்தாள். சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, அவன் கன்னத்து ஈரத்தைத் துடைத்தாள். ஐந்து விரல்களும் மரச்சீவலாகத் தட்டையாகியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சையாக ஒரு கோடு ஓடியது.