நிலவறையில் ஒரு கையுறை

மார்னி கோவாச் ஒரு பயந்தாங்கொள்ளி. அதை அவளே ஒத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு நாய், லிஃப்ட், இடி, நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம் என்று எல்லாவற்றுக்கும் பயம். பேஸ்பால் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் பறந்து வரும் பந்துக்கும் பயம்தான்.

அதனால்தான் கேட்சர் ஆக ஆசைப்பட்டாள். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு, முகத்தில் கம்பி முகமூடி உண்டு. அதற்குள் இருந்துகொண்டு பயந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"நீ இடது கையால எறியறவ," என்றார் கோச் பிரென்னர். "இடது கைக்காரங்க கேட்சரா நிக்கறதே இல்ல. உனக்கு ஏத்த கையுறைக்கு எங்க போவ?"

மார்னியின் முகம் வாடிப்போனது.

"சரி சரி. திங்கட்கிழமை கையுறையோட வா, பார்க்கலாம். இல்லேன்னா வலது ஓரம்தான் உனக்கு."

மைதானத்தின் வலது ஓரத்துக்குப் பந்து வருவதே அபூர்வம். அங்கே நிற்பவர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு மேகத்தை வேடிக்கை பார்ப்பார்கள். மார்னிக்கு அழுகை வந்துவிட்டது.

புதுக் கையுறை எந்தக் கடையிலும் இல்லை. சொல்லிவைத்து வாங்கினால் அது வருவதற்குள் ஆட்டக் காலமே முடிந்துவிடும். டெல் மாமாதான் வழி சொன்னார். அவர் பழைய மட்டைகளைத் தேடிப் பழம்பொருள் கடைகளாக அலைகிறவர்.

"பழைய காலத்துல எவனாவது ஒரு இடது கைக்காரன் கேட்சரா நின்னிருப்பான். வண்டியில ஏறு, வாண்டு!"

இரண்டு கடைகள் ஏறி இறங்கினார்கள். மாமா ஒவ்வொரு கடையிலும், "இடது கை கேட்சர் கையுறை இருக்கா?" என்று கேட்டார். இடது கையால் எறிகிறவருக்கான கையுறையைப் பேஸ்பால்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். "ஓ, நிறைய இருக்கே!" என்று கடைக்காரர்கள் ஒரு பெட்டியை நீட்டுவார்கள். ஆனால் ஒன்றுகூட மார்னிக்குச் சேராது.

மூன்றாவது கடை ஒரு பழைய மாட்டுக்கொட்டகை. அங்கே விளக்குகளும் நாற்காலிகளும் விற்கிற திருமதி ஆஸ்ட்ராண்டரும் 'இடது' என்று எழுதிய பெட்டியைத்தான் தள்ளினார். மார்னி ஒரு கையுறையை எடுத்தாள். இதுவும் இடது கையில்தான் நுழைந்தது.

அவளுக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. இடது கையால் எறிகிறவள் கையுறையை வலது கையில் அல்லவா மாட்ட வேண்டும்! கடைக்காரர்கள் பேஸ்பால் ஆடுகிறவர்களா என்ன? எந்தக் கையில் மாட்டுவதோ அந்தக் கையின் பெயரைப் பெட்டியில் எழுதிவிடுகிறார்கள்.

"மேடம், வலது கையில மாட்டற கையுறை இருக்கா?"

"அதை யாருமே கேக்கறதில்லையேம்மா! கீழ நிலவறையில கிடக்கு. போய்ப் பாரு. நேத்து அடிச்ச காத்துல ஜன்னல் படபடன்னு அடிச்சுதுன்னு சாத்தி வச்சிருக்கேன், அதைத் திறந்துடாதே. இங்க பூனை அளவு ரக்கூன் ஒண்ணு தினமும் வந்து குப்பைத் தொட்டியை உருட்டுது. கூண்டு வாங்கி வச்சிருக்கேன். சிக்கட்டும், அதுக்கு இருக்கு!"

படிக்கட்டு குறுகலாக இருந்தது. மாமா தன் தொப்பையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "நான் மேலயே நிக்கறேன்டா செல்லம். பயமா இருந்தா கூப்பிடு."

பயம் முதல் படியிலேயே வந்துவிட்டது. ஆனால் வலது ஓரத்துப் புல்லை நினைத்துக்கொண்டு மார்னி இறங்கினாள்.

கீழே ஒரே ஒரு மங்கல் பல்பு. சுவர் நெடுகப் பழைய கேட்சர் முகமூடிகள் ஆணியில் தொங்கின. எல்லாம் அவளையே முறைத்தன.

சர்ர்ர்க். சர்ர்ர்க்.

கூரையை ஒட்டிய சின்ன ஜன்னலில் ஏதோ பிறாண்டியது. மார்னி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் ஒரு கை! கறுத்த, குட்டிக் கை. ஐந்து விரல்!

மார்னி நாலே பாய்ச்சலில் பாதிப் படி ஏறிவிட்டாள். கத்த வாயைத் திறந்தபோது, கீழே 'வலது' என்று எழுதிய ஒரு பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்டது. யாரோ அழுவது போல இருந்தது. பயத்தோடு பயமாகத் திரும்பிப் போய் எட்டிப் பார்த்தாள்.

பெட்டியில் ஒரு பெரிய, தடித்த கேட்சர் கையுறை இருந்தது. அதன் குழிக்குள் மூன்று ரக்கூன் குட்டிகள் சுருண்டு கிடந்தன.

ஜன்னலில் பிறாண்டுவது யார் என்று இப்போது தெரிந்தது. ரக்கூனின் முன்னங்கால் குட்டிக் கை போலத்தான் இருக்கும். நேற்றிலிருந்து அம்மா வெளியே, குட்டிகள் உள்ளே.

"என்னடா ஆச்சு? சத்தமே காணோம்?" மேலே மாமாவின் குரல்.

குட்டிகளைக் கீழே தள்ளிவிட்டுக் கையுறையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். உண்மையைச் சொன்னால் அந்த மேடம் கூண்டோடு வந்து நிற்பார்.

"ஒண்ணுமில்ல மாமா! தேடிட்டிருக்கேன்!"

ஆணியிலிருந்து ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி, ஜன்னல் கொக்கியைத் தள்ளினாள். இறங்கிப் படிக்கு ஓட வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்குள் 'தொப்'பென்று தாய் ரக்கூன் உள்ளே குதித்துவிட்டது. அது நின்ற இடம் படிக்கட்டுக்கு நேர் முன்னால். மார்னி தப்பிக்க வழியே இல்லை.

அது பல்லைக் காட்டிச் சீறியது. அம்மாடி, எத்தனை பல்!

"கேட்சர் அசையக் கூடாது. கண்ணை மூடக் கூடாது." கோச் தினமும் கத்துவது அதைத்தான். மார்னி சுவரோரம் மெல்லக் குந்தினாள். அவள் அசையவில்லை. கண்ணையும் மூடவில்லை.

ரக்கூன் அவளை உற்றுப் பார்த்தது. பிறகு ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு டிரங்குப் பெட்டி மேல் ஏறி ஜன்னல் வழியே போனது. திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கியது. அடுத்து மூன்றாவது.

'அப்பாடா' என்று மார்னி எழப்போனாள். ரக்கூன் மறுபடியும் உள்ளே குதித்தது! அவளுக்கு உயிரே போய்விட்டது. ரக்கூன் நேராகக் கையுறைக்குள் தலையை விட்டுத் துழாவியது. யாரையும் விட்டுவிடவில்லை என்று உறுதியானதும் வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

மார்னி முகமூடியை ஆணியில் திரும்பத் தொங்கவிட்டு, கையுறையை வலது கையில் மாட்டினாள். கொஞ்சம் பெரிசு. இன்னும் கதகதப்பாக இருந்தது.

மேலே வந்ததும் திருமதி ஆஸ்ட்ராண்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ஐயே, என்ன நாத்தம்! இதுக்குக் காசு வாங்கினா பாவம். எடுத்துட்டு முதல்ல வெளிய போ!"

"மேடம், உங்க குப்பைத் திருடி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வீடு மாறிப் போயிட்டா. இனிமே கூண்டு வேண்டாம். ஜன்னலை மட்டும் சாத்திடுங்க."

மாமா வாயைப் பிளந்தார். வண்டியில் முழுக் கதையையும் கேட்டபோது அந்த வாய் இன்னும் பெரிதாகப் பிளந்தது. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமேடா!" என்றார். "தொப்பை மாட்டிக்குமே மாமா!"

திங்கட்கிழமை கோச் பிரென்னர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தது தப்பாகிவிட்டது. இரும ஆரம்பித்துவிட்டார். பிறகு, மார்னி முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு குந்தியதும், பலம் கொண்ட மட்டும் ஒரு பந்தை வீசினார்.

'தொம்!' பந்து கையுறைக்குள் நின்றது.

கோச் கிட்டே வந்து முகமூடிக்குள் எட்டிப் பார்த்தார். "நீ கண்ணையே மூடலையே! பயமா இல்லையா உனக்கு?"

"பயமாத்தான் இருக்கு கோச்," என்றாள் மார்னி, பந்தைத் திருப்பி எறிந்தபடி. "ஆனா பந்துக்குப் பல்லு கிடையாதே! அடுத்ததைப் போடுங்க."