உயரக் கோடும் ஒன்பதாவது மாடியும்

பிரிஜட்டுக்குப் பதினோரு வயது. அவள் தம்பி அற்புதராஜுக்கு ஏழுதான். ஆனால் இருவரும் சேர்ந்து நடந்தால், பார்க்கிறவர்கள் அவனைத்தான் மூத்தவன் என்பார்கள். அவன் முருங்கை மரம் மாதிரி மளமளவென்று வளர்ந்துவிட்டான். பிரிஜட்டோ ஐந்தாம் வகுப்பிலேயே ஆகக் குட்டை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா தேக்கா சந்தைக்குப் போவார். அவர் மீன் வாங்கி வரும்வரை பிள்ளைகள் இருவரும் நூருல் அமீன் அங்கிளின் கடையில் காத்திருப்பார்கள். அவர் அப்பாவின் நண்பர். ரேடியோவும் டிவியும் விற்பவர். கடையில் ஒரு டிவியில் வீடியோ கேம் பெட்டியை மாட்டி வைத்திருந்தார். வாங்க வருகிறவர்கள் ஆடிப் பார்க்கலாம். வாங்காத பிள்ளைகளும் ஆடிப் பார்ப்பார்கள்.

எல்லாருக்கும் பிடித்தது 'விண்வேடன்'. முதல் பாகத்தில் பறக்கும் தட்டுகளைச் சுட வேண்டும். இரண்டாம் பாகத்தில் இயந்திர மனிதர்களைச் சுட வேண்டும். அந்த வாரம் மூன்றாம் பாகம் வந்திருந்தது. கூடவே, கடை வாசல் சுவரில் சாக்பீஸால் போட்ட ஒரு கோடும் வந்திருந்தது.

"இது என்ன அங்கிள்?" என்று கேட்டாள் பிரிஜட்.

"மூணாவது பாகம் கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு. சின்னப் பிள்ளைங்க ஆட வேணாம். வயசு கேட்டா எல்லாரும் புளுகுறானுங்க. நேத்து ஒருத்தனுக்கு முன்பல் ரெண்டும் இல்ல, பதினாலு வயசுங்கறான்! அதான் பஸ்ல அரை டிக்கெட்டுக்குப் பார்க்கிற மாதிரி உயரம் பார்க்கிறேன். தலை கோட்டைத் தொட்டா ஆடலாம்."

அற்புதராஜ் ஓடிப்போய் நின்றான். அவன் தலை கோட்டைத் தாண்டியது. பிரிஜட் நின்றாள். அவள் தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. அவள் நுனிக்காலில் நின்றும் பார்த்தாள்.

"குதிகாலைக் கீழ வைம்மா" என்றார் அங்கிள்.

"அங்கிள், நான் இவனுக்கு அக்கா!"

"ரூல் ரூல்தான் லா."

பிரிஜட்டுக்கு வந்த கோபத்தில் அவள் விறுவிறுவென்று பக்கத்து வளையல் கடைக்குப் போய்விட்டாள். தம்பி எப்படி ஆடினான் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா வந்து கூப்பிட்டபோது அவன் முகம் வெளுத்திருந்தது. பஸ்ஸில் வீடு இருக்கும் ஜூரோங் போய்ச் சேரும்வரை அம்மாவோடு ஒட்டியே உட்கார்ந்திருந்தான்.

தொல்லை வீட்டு வாசலில்தான் தொடங்கியது. அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் மூன்று மாடிகளில் மட்டும் நிற்கும். நல்லவேளையாக, அவர்கள் வீடு இருந்த ஒன்பதாவது மாடி அவற்றில் ஒன்று. ஆனால் லிஃப்ட் வந்து கதவு திறந்ததும் அற்புதராஜ் அலறிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினான்.

"என்னடா ஆச்சு?" என்று பதறினார் அம்மா.

"நான் படியில வரேன்ம்மா. ஸ்கூல்ல உடற்பயிற்சி சார் படி ஏறச் சொன்னாரு."

"அதுக்கு எதுக்குடா இப்படிக் கத்துற?"

அவன் திரும்பி வந்து அம்மாவைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தான். அவர் கையை விடவே இல்லை. அம்மா வயிற்றில் ஏழு மாதப் பாப்பா இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மகனோடு ஒன்பது மாடியும் ஏறினார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. அப்பா கப்பல் பட்டறையில் பகல் முழுக்க வேலை செய்தார். பிரிஜட் பள்ளிவிட்டு வர நேரமாகும். அதனால் தம்பியை அழைத்து வர அம்மாதான் இறங்கினார், அம்மாதான் ஏறினார். அவர் கால்கள் வீங்கிப்போயின. அதைப் பார்த்த பிரிஜட் தம்பியை விடாமல் விசாரித்தாள். ஒவ்வொரு முறையும் அவன், "ஒண்ணுமில்லக்கா" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அற்புதராஜ் கடைக்குள் வர மாட்டேன் என்றான். அம்மாவோடு மீன் வாங்கப் போய்விட்டான். பிரிஜட் மட்டும் உள்ளே போனாள். யாரோ ஓர் அண்ணன் மூன்றாம் பாகம் ஆடிக்கொண்டிருந்தார்.

டிவித் திரையில் ஒரு லிஃப்ட் கதவு திறந்தது. முகமூடி போட்ட ஆள் ஒருவன் வெளியே வந்து, நேராகப் பார்த்துச் சுட்டான். திரை முழுக்கச் சிவப்பானது. பிறகு ஒரு சிரிப்புச் சத்தம்.

பிரிஜட்டே ஓர் அடி பின்வாங்கினாள். உடனே, தம்பி லிஃப்டைக் கண்டு ஏன் ஓடினான் என்பது புரிந்தது. தம்பிக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வாரமாகத் தெரியாமல் தவித்தவளுக்கு, தெரிந்ததே பாதி நிம்மதியாக இருந்தது.

"அங்கிள், உங்க கோடு தப்பு" என்றாள்.

"ஏம்மா, இன்னும் நீ வளரலையா?"

"விளையாடாதீங்க அங்கிள். பஸ்ல உயரமான ஆளுக்குப் பெரிய இடம் வேணும், அதனால உயரம் பார்க்கலாம். பயப்படறதுக்கு உயரம் எதுக்கு? அற்புதத்துக்கு ஏழு வயசுதான். ஒரு வாரமா லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறான். அம்மா அவன்கூட ஒன்பது மாடி ஏறுறாங்க."

நூருல் அமீன் அங்கிளின் சிரிப்பு நின்றது. "இந்த நிலைமையிலயா? அட, நான் அதை யோசிக்கவே இல்லையே! ஆனா வயசு கேட்டா புளுகுறாங்களே, என்ன செய்ய?"

"வயசைக் கேட்காதீங்க. எந்த வகுப்பு, கிளாஸ் டீச்சர் பேரு என்னன்னு டக்குன்னு கேளுங்க. யோசிச்சா புளுகு!"

அந்த நேரம் பார்த்து முன்பல் இல்லாத பையன் உள்ளே நுழைந்தான்.

"எந்த வகுப்பு?" என்றார் அங்கிள்.

"உயர்நிலை ரெண்டு!"

"கிளாஸ் டீச்சர் பேரு?"

"மிஸ்... மிஸ்டர்... மிஸஸ்..." பையன் வந்த வழியே போய்விட்டான்.

அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, மூணாவது பாகம் இனிமே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மட்டும். ஆனா பிரிஜட், நீயும் ஆட முடியாதே?"

பிரிஜட் ஒருமுறை திரையைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியும் அங்கிள்" என்றாள். அங்கிள் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தார்.

கடையில் ரூல் மாறிவிட்டது. ஆனால் தம்பியின் பயம் ஈரத்துணிக்கு அழியாதே! மறுநாள் திங்கள்கிழமை பள்ளி விடுமுறை. அம்மா கிளினிக்குப் போயிருந்தார். பிரிஜட் தம்பியைப் படி வழியாகவே புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிவந்தாள். லிஃப்டுக்கு எதிரே கொஞ்சம் தள்ளியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அந்த முகமூடி ஆளை நானும் பார்த்தேன்டா" என்றாள்.

அற்புதராஜுக்குக் கண் கலங்கியது. "நீ பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவியோன்னுதான் சொல்லலக்கா."

"நான் கரப்பான்பூச்சிக்கே மேசை மேல ஏறுற ஆளு. நான் சொல்வேனா? வா, ஒரு விளையாட்டு. லிஃப்ட்லேருந்து யாரு வந்தாலும் குட் மார்னிங் சொல்லணும். அவங்க சிரிச்சா நமக்கு ஒரு பாயிண்ட்."

"முகமூடி வந்தா?"

"வந்தா நான் முதல்ல ஓடறேன். நீ பின்னாடி வா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லிஃப்ட் திறந்தது. அற்புதராஜ் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். குவே பலகாரக் கூடையோடு மலாய் அத்தை ஃபாத்திமா மக்சிக் வந்தார். பிரிஜட்தான் குட் மார்னிங் சொன்னாள். மக்சிக் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். ஒரு பாயிண்ட்!

அடுத்துத் தபால்காரர் வந்தார். இந்த முறை அற்புதராஜும் முணுமுணுத்தான். பிறகு இரட்டைச் சடை போட்ட இரண்டு சீனச் சிறுமிகள். அதன் பிறகு சைக்கிளோடு ஓர் அண்ணன். பாயிண்ட் ஏற ஏற, அற்புதராஜ் பெஞ்சை விட்டு இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தான்.

அப்போது லிம் அங்கிள் பறவைக் கூண்டோடு வெளியே வந்தார். அந்த புளோக்கில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இவர் சிரிச்சா பத்து பாயிண்ட்!" என்று கிசுகிசுத்தாள் பிரிஜட்.

"குட் மார்னிங் அங்கிள்!" என்று கத்தினான் அற்புதராஜ். அவர் காதில் விழவில்லை. எதையோ மறந்துவிட்டவர் போல நெற்றியில் தட்டிக்கொண்டு, திரும்பி லிஃப்டுக்குள்ளேயே போனார்.

பத்து பாயிண்ட் கைநழுவிப் போகிறதே! அற்புதராஜ் ஒரே ஓட்டமாக அவர் பின்னால் லிஃப்டுக்குள் பாய்ந்தான். "குட் மார்னிங் அங்கிள்! குட் மார்னிங்!"

கூண்டுக்குள் இருந்த பறவை திடுக்கிட்டு ஒரு விசில் அடித்தது. லிம் அங்கிள் பறவையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். உதடு மெல்ல விரிந்தது. பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"அக்கா, பத்து!"

பிரிஜட் ஓடிப்போய் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தெருவிலிருந்து அம்மா மெதுவாக நடந்து வருவது தெரிந்தது. அம்மா படிக்கட்டை அண்ணாந்து பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அங்க என்ன பண்றீங்க? சீக்கிரம் வாங்க, கதவு மூடிக்கும்!" லிஃப்டுக்குள்ளிருந்து கத்தியது அற்புதராஜ்தான்.

அம்மா நம்பாமல் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து, "அப்பாடா!" என்று மூச்சு விட்டார். அற்புதராஜ் கையை நீட்டி, ஒன்பதாவது மாடியின் பட்டனை அழுத்தினான்.