படுக்கைக்குள் வைத்த கண்ணாடி

கட்டிலில் விரித்த துப்பட்டிக்கு அடியிலிருந்து லூர்துமேரி எடுத்த கண்ணாடி மங்கியிருந்தது. முழுவதும் இல்லை. நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, யாரோ வாயருகே வைத்து ஊதியது போல ஒரு வட்டம்.

திண்டிவனத்தில் ஓர் இஞ்சினியர் துரையின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த சமையல்காரன் வீடு அது. சமையல்காரன் சின்னதுரைக்கு அவள் இரண்டாம் தாரம். கல்யாணமாகி நாலு மாதம். முதல் தாரம் சவுரியம்மாள் போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், காய்ச்சலில் செத்துப்போனாள். செத்தாளே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை என்பதுதான் லூர்துமேரியின் வயிற்றெரிச்சல். சீமையிலிருந்து வந்த பழைய வீட்டுக்குறிப்புப் புத்தகம் ஒன்றைத் துரைசானி படித்துச் சொல்ல, சவுரியம்மாள் அத்தனையும் கற்றுக்கொண்டாளாம். தேயிலைச் சக்கையைத் தூவிக் கம்பளம் பெருக்குவது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுக் குப்பி கழுவுவது. விருந்தாளியின் படுக்கையில் இரண்டு துப்பட்டிக்கும் நடுவே கண்ணாடியை வைத்து, அது மங்கினால் ஈரம் என்று கண்டுபிடிப்பது. பங்களாவில் எந்த அறையில் கம்பியை இழுத்தாலும் இந்தச் சமையற்கட்டில் ஒரு மணி அடிக்கும். அறைக்கு ஒன்றாக ஆறு மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். சவுரியம்மாள் சத்தத்தை வைத்தே அறையைச் சொல்லிவிடுவாளாம். லூர்துமேரி இன்னும் நின்று, யோசித்து, தப்பான அறைக்கே போவாள். "சவுரி இருந்தா..." என்று ஆரம்பிக்காமல் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

ஐப்பசி மழை ஒரு வாரமாக விடவில்லை. அதனால்தான் தன் கட்டிலிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அவள் படுக்கும் வாசல் பக்கம் மங்கவில்லை. சின்னதுரை படுக்கும் நடுவிலும் மங்கவில்லை. அவனுக்கு அந்தண்டை, சுவரோரம் ஓர் ஆள் இடம் சும்மா கிடக்கும். அங்கேதான் மங்கியது. துப்பட்டியைக் கரியடுப்பில் காட்டி மொறமொறவென்று உலர்த்தி மறுபடி வைத்தாள். மறுபடி அதே வட்டம். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

"அவ எந்தப் பக்கம் படுப்பா?"

விழுப்புரத்தில் சாமான் வாங்கக் கிளம்பிய சின்னதுரை குடையும் கையுமாக நின்றான். "சுவத்துப் பக்கம். ஏன்?"

"நாலு மாசமா நீங்க சுவத்தப் பாத்துக்கினுதான் தூங்கறீங்க."

அவன் பார்வை கண்ணாடியில் விழுந்தது. "அத்த பொட்டியிலயே வச்சிடு லூர்து. கம்பவுண்டரு சவுரி மூக்காண்ட புடிச்சது அதுதான். மங்கவேயில்ல." குரல் கம்மியது. "சாயந்தர வண்டிக்கு வந்துடறேன்."

அந்தக் கம்மல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. தனக்காக ஒரு நாளாவது அப்படிக் கம்மியிருக்குமா? அந்த இடத்தைக் காலியாக விட்டது தன் தப்பு என்று தோன்றியது. இனி அவன் சுவரைப் பார்த்தால் அங்கே தன் முகம்தான் தெரிய வேண்டும். பட்டப்பகலில், கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே, சுவரோரம் போய்ப் படுத்தாள்.

தலையணையில் ஒரு பள்ளம் தயாராக இருந்தது. அவள் தலைக்கு அளவெடுத்த மாதிரி. நனைந்த தேயிலை வாசனையும் சுண்ணாம்புச் சுவரின் ஈர வாசனையும் ஓடுகளில் மழை விழும் ஓயாத சத்தமும் ஒன்றாகக் கலந்து மேலே கவிய, கால் விரல்களிலிருந்து குளிர் மெல்ல மெல்ல ஏறி வந்தது. எழ நினைத்தாள். கால் வரவில்லை.

சமையற்கட்டில் மணி அடித்தது.

பங்களாவில் ஆளே இல்லை. துரை குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது.

வாசல் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள். காலடி. நிற்கவில்லை. யோசிக்கவில்லை. நேராகச் சரியான அறைக்குப் போனது. திரும்பி வந்தது. கட்டில் மறுபடி அமுங்கியது.

சாயங்காலம் சின்னதுரை ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டு வந்து நடுவில் படுத்தான். நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சுவருக்கு முதுகைக் காட்டினான்.

"லூர்து, தல நோவுதா?" அப்படி ஆசையாக அவன் அவளிடம் கேட்டதே இல்லை.

"இல்லீங்க. உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

லூர்துமேரியின் குரல். வாசல் பக்கத்திலிருந்து.

சுவரோரம் கிடந்த அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. அவன் முதுகு அசையவில்லை. ஒரு கை மட்டும் எழுந்தது. கண்ணாடியை வாயருகே கொண்டுவந்தாள். ஊதினாள். மறுபடி ஊதினாள்.

கண்ணாடி மங்கவேயில்லை.